இரண்டு மணி நேர தூரத்துக்கு ஒரு லேன் கேபிள்

நண்பர் ஒருவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். கணினி சொல்படி பலகையில் செதுக்கும் மிஷின் ஒன்று அங்கே உண்டு; சிஎன்சி ரூட்டர் என்பார்கள். டிசைன் போடுவதும் மிஷினின் அளவுகளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. மரம் பொருத்துவது, கத்தி மாற்றுவது, ஓட்டுவது எல்லாம் அவர். பட்டறைக்குப் போக எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு அச்சில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். போய், ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டுத் திரும்ப வேண்டும். வேலை பத்து நிமிடம், பயணம் நாலு மணி நேரம்.

அங்கேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, வீட்டிலிருந்து அதன் திரையைப் பார்த்து வேலை செய்யலாமே என்று பலரும் கேட்டார்கள். மிஷினோடு பேசும் மென்பொருளின் உரிமம் என் லேப்டாப்போடு பிணைந்தது. வேறு கணினியில் போட்டால் திறக்கவே திறக்காது. ஆக லேப்டாப் இங்கே, மிஷின் அங்கே, நடுவில் இணையம்.

அந்த மென்பொருளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ‘தேடு’ என்ற பொத்தானை அழுத்தினால் 255.255.255.255 என்ற முகவரிக்கு ஒரு சின்ன யூடிபி பாக்கெட் (போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்காமல் அனுப்பும் தரவுத் துண்டு) போகும். வாசலில் நின்று “யாராவது இருக்கீங்களா?” என்று பொதுவாகக் குரல் கொடுப்பது மாதிரி. அதே கேபிளில் இருக்கும் மிஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கேட்டு “இருக்கேன்” என்று பதில் சொல்லும். இந்த பிராட்காஸ்ட் குரல் எந்த நெட்வொர்க் ரூட்டரையும் தாண்டாது. தாண்டக் கூடாது என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஐபி முகவரியைக் கையால் எழுத ஒரு கட்டம் வைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. வைக்கவில்லை.

எனவே எனக்கு வெறும் விபிஎன் (இணையத்தின் வழியே இரண்டு இடங்களை இணைக்கும் பூட்டிய பாதை) போதாது. மென்பொருளும் மிஷினும் ஒரே கேபிளில் இருப்பதாக இரண்டையும் நம்பவைக்க வேண்டும். லேன் கேபிளில் தரவு போகும் வடிவமான ஈதர்நெட் சட்டகத்தை அப்படியே உறையில் போட்டு, இணையத்தின் வழியே அனுப்பி, மறுமுனையில் உறையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இரண்டு மணி நேர தூரத்துக்கு ஒரு லேன் கேபிள்.

தொடங்கும் முன்பே ஒரு குழப்பம். பட்டறையில் ‘ரூட்டர்’ என்றால் மரம் செதுக்கும் மிஷின். எனக்கு ‘ரூட்டர்’ என்றால் இணையப் பெட்டி. முதல் நாள் போனில், “ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றேன். அவர் செய்துவிட்டார். பாதி செதுக்கிய பலகையோடு மிஷின் நின்றுபோனது. “நீங்கதானே சொன்னீங்க?” என்றார். நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து மிஷின் ‘பெரிய ரூட்டர்’, இணையப் பெட்டி ‘சின்ன ரூட்டர்’.

ஒவ்வொரு முனையிலும் கையகல லினக்ஸ் போர்டு ஒன்று வைப்பதாகத் திட்டம். முதலில் இரண்டில் எந்த முனையை வெளியிலிருந்து எட்ட முடியும் என்று பார்க்க வேண்டும். சின்ன ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் படிக்கச் சொன்னேன். “நூறு புள்ளி எழுபத்திரண்டு...” என்று அவர் ஆரம்பித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள சுமார் 42 லட்சம் முகவரிகளை 2012-ல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் இதற்கென்றே ஒதுக்கியது. இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும்போது உள்ளே கொடுக்கும் முகவரி இது. சிஜிநாட் என்று பெயர். இப்படிப்பட்ட இணைப்பிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் உள்ளே வந்து கதவைத் தட்ட முடியாது. சின்ன ரூட்டரில் போர்ட்டை (எண்ணிட்ட வாசலை) திறந்துவிட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அடைத்திருப்பது அதற்கும் மேலே இருக்கும் நிறுவனத்தின் பெட்டி.

நல்ல வேளையாக என் வீட்டு இணைப்புக்குப் பொது முகவரி உண்டு. அடிக்கடி மாறும், ஆனால் பொது முகவரி. மாறும் முகவரியைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். பட்டறைப் போர்டுதான் எப்போதும் முதலில் கூப்பிட வேண்டும். வீட்டுப் போர்டு காத்திருக்கும். (இரண்டு பக்கமும் சிஜிநாட் என்றால், நடுவில் பொது முகவரியுள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து இரண்டையும் அங்கே சந்திக்க வைக்கலாம்.)

அவசரத்துக்கு முதலில் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) கொண்டே ஒரு சுரங்கம் போட்டுப் பார்த்தேன். அதில் ஈதர்நெட் சட்டகங்களைக் கடத்தும் வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் வேலை செய்தது. மாலையில் லைன் கொஞ்சம் மோசமானதும் எல்லாம் உறைந்து நின்றது. எஸ்எஸ்எச் ஓடுவது டிசிபி மேல். ஒரு பாக்கெட் தொலைந்தால் அதைத் திரும்ப வாங்கும்வரை பின்னால் வரும் எதையும் வெளியே விடாது. உள்ளே ஓடுவதும் டிசிபியாக இருந்தால் அதுவும் தன் கணக்கில் திரும்ப அனுப்ப ஆரம்பிக்கும். ஒரே தொலைப்புக்கு இரண்டு பேர் பரிகாரம் தேடி, ஏற்கெனவே திணறும் லைனில் இன்னும் சுமையை ஏற்றுவார்கள். டிசிபிக்குள் டிசிபியை ஓட்டாதே என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். சுரங்கத்துக்கு யூடிபிதான் சரி. தொலைந்தது தொலையட்டும், தேவைப்பட்டால் உள்ளே இருப்பவர் மறுபடி கேட்டுக்கொள்வார்.

அடுத்தது வயர்கார்ட், யூடிபியில் ஓடும் விபிஎன். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்தே அது உள்ளே இருக்கிறது. தனியாக மாட்யூல் தேடி அலைய வேண்டாம். இரண்டு முனைக்கும் ஒவ்வொரு சாவி ஜோடி, சுரங்கத்துக்குள் வீட்டுப் போர்டுக்கு 10.77.0.1, பட்டறைப் போர்டுக்கு 10.77.0.2, என் ரூட்டரில் 51820 யூடிபி போர்ட்டை வீட்டுப் போர்டுக்குத் திருப்பிவிடுதல். அவ்வளவுதான் அமைப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். தெரியாதவர் தட்டினால் வயர்கார்ட் வாயே திறக்காது. பாதுகாப்புக்கு அது நல்லது, பிழை தேடுபவனுக்குக் கொடுமை. சாவி தவறா, போர்ட் தவறா, முகவரி தவறா, எதுவானாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மௌனம். நான் ‘பியர்’ பகுதியில் எதிர்முனையின் பொதுச் சாவிக்குப் பதில் அதே போர்டின் சாவியை ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு போர்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் செருகி, கைகுலுக்கல் நடக்கிறதா என்று பார்த்த பிறகே ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தூரத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடியிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

‘அலவ்டு ஐபிஸ்’ என்ற வரியையும் நிறையப் பேர் அரைகுறையாகப் புரிந்துகொள்கிறார்கள். அது இரண்டு வேலை செய்கிறது. வெளியே போகும்போது, இந்த முகவரிக்கான பாக்கெட்டை எந்தச் சாவிக்காரருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும். உள்ளே வரும்போது, இந்தச் சாவிக்காரர் எந்த முகவரியின் பெயரால் பேசலாம் என்று சோதிக்கும். நான் இரண்டு பக்கமும் எதிர்முனையின் ஒற்றை முகவரியை மட்டும் போட்டேன். சுரங்கத்தில் இரண்டு போர்டுகள் மட்டுமே பேசிக்கொள்ளும், வேறு யாருக்கும் அனுமதி இல்லை.

பட்டறைப் பக்கம் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 நொடி. பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் போனால் நடுவில் முகவரியைப் பங்கிடும் நாட் பெட்டிகள் யூடிபி இணைப்பை மறந்துவிடும். பல பெட்டிகளுக்கு 30 நொடிதான் பொறுமை. அதற்குள் ஒரு வெற்றுப் பாக்கெட் போனால் வழி திறந்தே இருக்கும். வீட்டிலிருந்து நாமாக எதையும் ஆரம்பிக்க வேண்டியதில்லை என்றால் இது தேவையில்லை. எனக்குத் தேவை, ஏனென்றால் பேச்சை ஆரம்பிப்பது வீட்டில் இருக்கும் நான்.

சரி, பிங் (எதிர்முனை இருக்கிறதா என்று கேட்கும் சோதனைப் பாக்கெட்) போனது. போகவர 40 மில்லிநொடி. ‘தேடு’ பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தேதான் அழுத்தினேன். வயர்கார்ட் கடத்துவது ஐபி பாக்கெட்டை. ஈதர்நெட் சட்டகம் அதற்குத் தெரியாது.

அதற்கு மேல் இன்னொரு உறை வேண்டும். ஜிஆர்இ வகையில் ஒன்று உண்டு, எல்2டிபி உண்டு, ஓபன்விபிஎன்னை டேப் முறையில் ஓட்டலாம். நான் ஈதர்நெட் சட்டகத்தை யூடிபிக்குள் போடும் விஎக்ஸ்லேனை எடுத்தேன். பெரிய டேட்டா சென்டர்களுக்காகப் பிறந்தது. 2014-ல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளிவந்தது. ஒரே லேனைத் தனித்தனியாகப் பிரிக்கும் சாதாரண விலேனில் 4094 தனி நெட்வொர்க்குகள்தான் பிரிக்கலாம், இதில் 24 பிட் எண், அதாவது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆனாலும் லினக்ஸில் ஒரே கட்டளையில் உருவாகிறது, யூடிபியில் போகிறது, எளிமை. ஒவ்வொரு போர்டிலும் ஒரு விஎக்ஸ்லேன் இடைமுகம், எண் 42, எதிர்முனை மற்றதன் 10.77 முகவரி, போர்ட் 4789. அதை ஈதர்நெட் போர்ட்டோடு ஒரு பிரிட்ஜில் (இரண்டையும் ஒரே கேபிள் மாதிரி ஆக்கும் மென்பொருள் பாலம்) இணைத்தால் கேபிள் தயார்.

இங்கேதான் பெரிய முட்டாள்தனம் செய்தேன். வீட்டுப் போர்டின் ஈதர்நெட் என் வீட்டு நெட்வொர்க்கில் செருகியிருந்தது. பட்டறைப் போர்டுடையது அங்குள்ள சின்ன ரூட்டரில். இரண்டையும் பிரிட்ஜில் போட்டதும் இரண்டு இடத்து நெட்வொர்க்கும் ஒன்றாகிவிட்டது. மென்பொருள் மிஷினைக் கண்டுபிடித்தது. நான் குதிக்காத குறை. பத்து நிமிடத்தில் உள்ளறையிலிருந்து குரல்: “நெட் ஏன் ஊர்ந்து போகுது?”

போனை வாங்கிப் பார்த்தால் அதன் ஐபி முகவரி எங்கள் வீட்டுத் தொடரே இல்லை. ஒரு கருவி நெட்வொர்க்கில் சேரும்போது “எனக்கு முகவரி கொடுங்க” என்று கேட்பதும் பிராட்காஸ்ட்தான். அந்தக் குரல் சுரங்கம் வழியே பட்டறைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்த சின்ன ரூட்டர் என் ரூட்டரை முந்திக்கொண்டு முகவரி கொடுத்துவிட்டது. என் வீட்டுப் போனிலிருந்து எல்லாமே இரண்டு மணி நேர தூரம் போய், நண்பரின் இணைப்பு வழியாக வெளியே சென்று, அதே வழியில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பட்டறை டிவி என் ரூட்டரிடம் முகவரி வாங்கியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இப்படி இணைத்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இன்னொரு பிரிட்ஜ் பாதை தவறி அமைந்தால் சட்டகங்கள் வட்டமடிக்க ஆரம்பிக்கும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, தாண்டித் தாண்டித் தேய்ந்து ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் சட்டகத்துக்குச் சாவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிரிட்ஜைக் கலைத்துவிட்டு யோசித்தேன். எனக்குத் தேவை லேப்டாப்புக்கும் மிஷினுக்கும் இடையே ஒரு கேபிள். இரண்டு நெட்வொர்க்குகளின் திருமணம் அல்ல. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கினேன். போர்டில் உள்ள பழைய போர்ட் இணையத்துக்குப் போவதற்கு மட்டும். பிரிட்ஜில் இருப்பது விஎக்ஸ்லேனும் இந்தப் புது அடாப்டரும் மட்டும். அங்கே அடாப்டரில் மிஷின், இங்கே அடாப்டரில் லேப்டாப். வேறு எதுவும் அதில் இல்லை, முகவரி கொடுப்பவரும் இல்லை. லேப்டாப்பின் அந்தப் போர்ட்டில் மிஷினின் தொடரிலிருந்து ஒரு முகவரியைக் கையால் போட்டுவிட்டேன். அடாப்டர் எதற்கு, போர்டில் வைஃபை இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வேறொரு ரூட்டரோடு வைஃபையில் சேர்ந்திருக்கும் இடைமுகத்தைப் பிரிட்ஜில் சேர்க்கக் கெர்னல் மறுத்துவிடும். வைஃபையை இணையத்துக்கு ஒதுக்கிவிட்டு, போர்டின் சொந்த ஈதர்நெட்டை மிஷினுக்குக் கொடுத்திருக்கலாம்தான். மரத்தூள் பறக்கும் தகரக் கொட்டகையில் வைஃபையை நம்ப மனம் வரவில்லை.

இப்போது ‘தேடு’ அழுத்தினால் மிஷினின் பெயர் வந்தது. அளவுகளைப் படித்தது. ஒரு அச்சின் எண்ணை மாற்றி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது. “அவ்ளோதானா?” என்றார் நண்பர். அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். பிறகு ஒரு டிசைன் கோப்பை அனுப்பினேன். பூஜ்யம் சதவீதம். அசையவே இல்லை.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்றால் அனுபவசாலிகள் உடனே எம்டியு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நடையில் எவ்வளவு பெரிய பாக்கெட் போகலாம் என்ற உச்ச அளவு அது. லேப்டாப்பிலிருந்து மிஷினுக்கு அளவை மாற்றி மாற்றிப் பிங் அடித்தேன். 1000 போனது. 1400 போகவில்லை. 1300 போனது. 1360 போகவில்லை. 1340 போனது.

காகிதத்தில் கணக்குப் போட்டதும் காரணம் தெரிந்தது. லேனில் எம்டியு 1500. வயர்கார்ட் தன் பங்குக்கு ஐபி தலைப்பு 20, யூடிபி 8, சொந்தத் தலைப்பும் முத்திரையும் 32, ஆக 60 பைட் சேர்க்கும். வெளியே ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை என்றால் 80. எதற்கும் இருக்கட்டும் என்று 80-ஐக் கழித்து 1420 என்று வைத்துக்கொள்கிறது. நண்பரின் இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை. அது 8 பைட்டை விழுங்கி 1492 தான் தரும். 1420-உம் 60-உம் 1480, பரவாயில்லை, அடங்கிவிடுகிறது. அதற்குள் விஎக்ஸ்லேன்: உள்ளே வரும் ஈதர்நெட் தலைப்பு 14, தன்னுடையது 8, யூடிபி 8, ஐபி 20, மொத்தம் 50. 1420-இல் 50 போனால் 1370. பிங்கின் 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் 1340 என்பது 1368, நுழையும். 1360 என்பது 1388, நுழையாது.

சாதாரண ரூட்டராக இருந்தால், பெரிய பாக்கெட் வந்ததும் “இது நுழையாது, சின்னதாக அனுப்பு” என்று ஐசிஎம்பி என்ற அறிவிப்புச் செய்தி மூலம் திருப்பிச் சொல்லும். என் நடுவில் இருப்பது பிரிட்ஜ். பிரிட்ஜ் என்பது கேபிள் வேடம் போட்ட பெட்டி. அதற்கு யாரிடமும் பேசும் வழக்கமில்லை. பொருந்தாத சட்டகத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு பக்கமும் ஓடவிட்டேன். இங்கே லேப்டாப்பிலிருந்து 1514 பைட் சட்டகம் வருவது தெரிகிறது. அங்கே ஒன்றுமே இல்லை. 1514-இல் ஈதர்நெட் தலைப்பு 14 போக 1500. அதில் ஐபியும் யூடிபியும் 28 போக 1472. மென்பொருளை எழுதியவர் லேனில் போகக்கூடிய மிகப் பெரிய துண்டைக் கணக்காக வெட்டியிருக்கிறார். குறை சொல்ல முடியாது. லேனில்தான் ஓடும் என்று நம்பி எழுதியது.

எளிய வழி, லேப்டாப்பின் எம்டியுவை 1370 ஆகக் குறைப்பது. டிசிபியாக இருந்திருந்தால் இது ஒன்றே போதும். இணைப்பு தொடங்கும்போதே லேப்டாப் “எனக்கு இவ்வளவு பெரிய துண்டுதான் தாங்கும்” என்று சொல்லிவிடும், எதிராளியும் அதற்குள் அனுப்புவார். இது யூடிபி. அந்தப் பேச்சே கிடையாது. எம்டியுவைக் குறைத்ததும் லேப்டாப் ஒவ்வொரு 1472 துண்டையும் ஐபி அளவில் இரண்டாக உடைத்து அனுப்பியது. டிசிபிடம்ப்பில் இரண்டு துண்டும் அழகாக மறுமுனைக்கு வந்து மிஷினுக்குள் போவது தெரிந்தது. மிஷின் வாயே திறக்கவில்லை. உடைந்த பாக்கெட்டை ஒட்டிச் சேர்க்கும் வேலை அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாது போலும். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குக் கொஞ்சம் விரக்திதான்.

மறுநாள் காலையில் தோன்றியது: உடைப்பதும் ஒட்டுவதும் மிஷினுக்குத் தெரியாமல் போர்டுகளுக்கு நடுவிலேயே நடந்தால் என்ன? விஎக்ஸ்லேனின் எம்டியுவை 1500 ஆக உயர்த்திவிட்டால், 1500 பைட் பாக்கெட் உறையோடு 1550 ஆகி வயர்கார்டுக்கு வரும். அதன் எல்லை 1420. கெர்னல் அந்த வெளி உறையை இரண்டாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூட்டி அனுப்பும். நடுவில் இருக்கும் நாட் பெட்டிகளின் கண்ணில் படுவது இரண்டு முழு யூடிபி பாக்கெட்டுகள் மட்டுமே. உடைந்த துண்டுகளைத் தூக்கிப்போடும் பெட்டிகள் வழியில் இருந்தாலும் கவலை இல்லை, உடைப்பு பூட்டுக்குள் இருக்கிறது. மறுமுனைப் போர்டு லினக்ஸ், ஒட்டத் தெரியும். மிஷினுக்குப் போவது முழுசான ஒற்றைச் சட்டகம்.

1500 என்று போட்டால் ‘தவறான மதிப்பு’ என்று கெர்னல் மறுத்தது. விஎக்ஸ்லேனை உருவாக்கும்போது, வயர்கார்ட் இடைமுகத்தின் மேல் உட்கார் என்று நான் பெயர் சொல்லிக் கட்டிவைத்திருந்தேன். அப்படிக் கட்டினால் கீழே இருப்பவரின் அளவைத் தாண்ட விடாது. கலைத்துவிட்டு, கீழ் இடைமுகத்தின் பெயரைச் சொல்லாமல், இரண்டு முனை முகவரிகளை மட்டும் கொடுத்து மறுபடி உருவாக்கினேன். எந்த வழியில் போவது என்பதை ரூட்டிங் அட்டவணை பார்த்துக்கொள்கிறது. 1500-ஐ ஏற்றுக்கொண்டது. பிரிட்ஜுக்கும் 1500, லேப்டாப்புக்கும் பழையபடி 1500. கோப்பை அனுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று சதவீதம்.

மெதுவாகத்தான் நகர்ந்தது. இரண்டு பக்கமும் வேகமான இணைப்பு, பிறகு ஏன் என்று முதலில் குழம்பினேன். மென்பொருள் ஒரு துண்டை அனுப்பி, ‘வந்தது’ என்ற பதில் கிடைத்த பிறகுதான் அடுத்ததை அனுப்புகிறது. லேனில் பதில் ஒரு மில்லிநொடிக்குள் வரும். இங்கே 40. நொடிக்கு 25 துண்டு, துண்டுக்கு 1472 பைட், அதாவது நொடிக்கு 36,800 பைட். 3 எம்பி கோப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். இணைப்பின் வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் இந்த எண் அசையாது. ஒன்றரை நிமிடம் காத்திருக்க நான் தயார். பேருந்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவன்தானே.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். கோப்பு அனுப்புவேன், அளவு மாற்றுவேன். மிஷினை நகர்த்தும் பொத்தான்களை இங்கிருந்து தொட மாட்டேன். ‘நகரு’ போய்ச் சேர்ந்து ‘நில்’ வழியில் தொலைந்தால், அங்கே சுற்றிக்கொண்டிருப்பது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் கத்தி. ஓட்டுவது நண்பர், பக்கத்தில் நின்று, சிவப்பு நிறுத்தப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும்.

விஎக்ஸ்லேனில் பூட்டோ சாவியோ கிடையாது. 4789 போர்ட்டுக்கு யார் சரியான எண்ணோடு பாக்கெட் அனுப்பினாலும் உள்ளே எடுத்துக்கொள்ளும் சாது அது. இரண்டு போர்டிலும் வயர்கார்ட் இடைமுகம் தவிர வேறு எந்த வழியில் 4789-க்கு வந்தாலும் தூக்கிப்போடச் சொல்லி ஃபயர்வாலில் ஒரு வரி எழுதினேன். பூட்டு வேலை முழுக்க வயர்கார்டுடையது, விஎக்ஸ்லேன் அதற்குள் மட்டுமே நடமாடலாம்.

மூன்று வாரம் ஓடியது. நடுவில் ஒரு நாள் என் வீட்டுப் பொது முகவரி மாறி, பட்டறைப் போர்டு பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தது. வயர்கார்ட் எதிர்முனையின் பெயரைத் தொடங்கும்போது ஒரு முறைதான் தேடி முகவரியாக மாற்றிக்கொள்ளும். பெயரை அவ்வப்போது திரும்பத் தேடிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று வயர்கார்ட் கருவிகளோடே வருகிறது. அதை டைமரில் போட்டுவைத்தேன்.

பிறகு வந்ததுதான் விசித்திரம். “கரண்ட் போயிட்டு வந்தா உங்க பெட்டி உடனே வரமாட்டேங்குது. அரை மணி நேரம் ஆனா தானா வந்துடுது” என்றார் நண்பர். போர்டு எழுந்துவிடுகிறது, விளக்கு எரிகிறது, இணையமும் இருக்கிறது. சுரங்கம் மட்டும் இல்லை. நான் வீட்டுப் பக்கத்தில் வயர்கார்டை நிறுத்தித் தொடங்கினால் உடனே வந்துவிடுகிறது. விட்டுவிட்டால் இருபது நிமிடம், நாற்பது நிமிடம், ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு.

மூன்றாவது மின்வெட்டில்தான் பிடிபட்டது. நண்பரைப் போர்டில் ஒரு திரையைச் செருகச் சொல்லி நேரம் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். “பத்து இருபது.” அப்போது மணி பதினொன்று ஐந்து. இந்தச் சின்ன போர்டில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. திடீரென்று கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எழுந்து எண்ண ஆரம்பிக்கிறது. வயர்கார்டின் கைகுலுக்கலில் ஒரு நேர முத்திரை இருக்கும். யாரோ பழைய பாக்கெட்டைப் பதிவுசெய்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையை எதிர்முனை ஏற்காது. பட்டறைப் போர்டு பத்து இருபது என்று சொல்லிக்கொண்டு தட்டுகிறது. வீட்டுப் போர்டு அதனிடம் கடைசியாகப் பேசியது பத்து ஐம்பதுக்கு. கதவு திறக்காது. பட்டறைக் கடிகாரம் மெல்ல ஓடிப் பத்து ஐம்பதைத் தாண்டும்போது திறக்கும். நான் வயர்கார்டை நிறுத்தித் தொடங்கினால் அந்த ஞாபகம் அழிந்துவிடுகிறது, அதனால் உடனே திறக்கிறது.

இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டுமே, ஏன் செய்யவில்லை? அதற்கும் நானே காரணம். என் போனுக்கு எழுதி வைத்திருந்த வயர்கார்ட் கோப்பைப் பிரதியெடுத்துத்தான் பட்டறைக்குத் திருத்தினேன். அதில் டிஎன்எஸ் வரியை நீக்க மறந்துவிட்டேன். சுரங்கம் எழுந்ததும் பெயர் தேடும் வேலையெல்லாம் சுரங்கத்தின் மறுமுனையில் இருக்கும் 10.77.0.1-க்குத் திரும்பியது. நேரச் சர்வரின் பெயரைத் தேட சுரங்கம் வேண்டும். சுரங்கம் திறக்கச் சரியான நேரம் வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த வரியை அழித்துவிட்டு, நண்பரிடம் சொல்லிச் சின்ன ரூட்டர், போர்டு இரண்டின் ப்ளக்கையும் பிடுங்கிச் செருகச் சொன்னேன். இந்த முறை பெரிய ரூட்டரை அவர் தொடவில்லை. இரண்டு நிமிடத்தில் சுரங்கம் எழுந்தது. பேட்டரியோடு ஒரு சின்னக் கடிகார மாட்யூலும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது பொருத்த வேண்டும். எப்போது போவேன் என்றுதான் தெரியவில்லை, இப்போதைக்கு அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.